மெய்யும் உயிரும்: செவ்வியல் வடமொழி நாடகத்தில் நடிகையின் கலை

ஆய்வுச்சுருக்கம்

செவ்வியல் வடமொழி அரங்கில் பெண்கள் நடித்தனர் என்பதற்கு நாட்டிய சாஸ்திரம், மகாபாஷ்யம், அர்த்தசாஸ்திரம் முதலிய நூல்கள் சான்று தருகின்றன. ஆயினும் அந்நடிகையரைப் பற்றிய பேச்சு அவர்தம் ஒழுக்கம் குறித்த சட்டநூற் கூற்றுகளோடு நின்றுவிடுவது வழக்கமாக உள்ளது. நடிகையை ஒரு கலைஞராக அந்நாடகங்களே எவ்வாறு காட்டுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விக்கிரமோர்வசீயம், பிரியதர்சிகை, மாளவிகாக்கினிமித்திரம் ஆகிய மூன்று நாடகங்களிலும் பெண்கள் நடிக்கும், ஆடும் காட்சிகள் உள்ளன. அவற்றில் பெண்ணின் நடிப்பு அவளது சொந்த உணர்வின் வெளிப்பாடாகவே கொள்ளப்படுகிறது. மாளவிகையின் ஆட்டத்தில் மட்டும் அது கலை என்ற நிலையிலும் மதிப்பிடப்படுகிறது. எவ்வுருவையும் ஏற்கும் நடிகையின் ஆற்றலைச் சட்டநூல் இழுக்காகவும் நாடகாசிரியர் இடராகவும் கண்டனர். கேரளத்துக் கூடியாட்ட மரபோ அதனைத் தொழில்திறனாகப் பேணியது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: நடி, கைசிகி விருத்தி, நாடகத்துள் நாடகம், மாளவிகாக்கினிமித்திரம், பிரியதர்சிகை, கூடியாட்டம், நங்ஙியார் கூத்து.

1. முன்னுரை

வடமொழி நாடகம் பற்றிய தமிழ் ஆராய்ச்சிக்கு நூறாண்டைக் கடந்த வரலாறு உண்டு. பரிதிமாற் கலைஞர் நாடகவியல் இயற்றினார். மறைமலையடிகள் சாகுந்தலத்தைத் தமிழாக்கியதோடு அதற்குத் தனி ஆராய்ச்சி நூலும் எழுதினார். விபுலானந்த அடிகள் மதங்க சூளாமணியில் தனஞ்சயரின் தசரூபகத்தைத் தமிழர்க்கு அறிமுகப்படுத்தினார். கதிரேசச் செட்டியார் மிருச்சகடிகத்தை மண்ணியல் சிறுதேர் என்னும் பெயரில் தமிழுக்குக் கொணர்ந்தார். நாடகத்தின் கதை, சுவை, பாத்திரப் பண்பு ஆகியவற்றில் நமக்குள்ள தெளிவுக்கு இம்முன்னோடிகளின் உழைப்பே அடிப்படை. எனினும், சகுந்தலை யார் என்று கேட்ட அளவுக்குச் சகுந்தலையாக மேடையேறியவர் யார் என்று நாம் கேட்டதில்லை.

‘பாத்திரம்’ என்ற சொல்லே இக்கேள்விக்கு இடம் தருகிறது. வடமொழி நாடக வழக்கில் அது நாடக மாந்தரையும் அம்மாந்தரை ஏற்று நடிப்பவரையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் அதற்குக் கொள்கலம் என்ற பொருளும் உண்டு. கலத்துள் இட்ட பொருளையே நோக்கும் கண்ணுக்குக் கலம் தென்படுவதில்லை. நடிகையின் கலையும் அவ்வாறே பாத்திரத்தின் பின்னே மறைந்து நிற்கிறது. அக்கலையைக் கண்டறிவதற்குச் சாத்திர நூல்கள், சட்ட, இலக்கண நூல்கள், நாடகப் பனுவல்கள், இன்றும் ஆடப்படும் கூடியாட்ட மரபு என்னும் நால்வகைச் சான்றுகளும் இங்கு ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன.

2. சாத்திரம்: இயல்பும் பயிற்சியும்

நாட்டிய சாஸ்திரத்தின் முதல் அதிகாரம் நாடகத்தின் தோற்றக் கதையைக் கூறுகிறது. பரதர் தம் நூறு மைந்தருக்கும் நாட்டிய வேதத்தைக் கற்பித்துப் பாரதி, சாத்துவதி, ஆரபடி ஆகிய மூன்று விருத்திகளில் நாடகம் அமைக்கிறார். நான்காவதான கைசிகி விருத்தியையும் சேர்க்குமாறு பிரமன் பணிக்கிறான். மென்மையும் எழிலும் காதற்சுவையும் கொண்டது கைசிகி. சிவபெருமானின் ஆடலில் அதனைத் தாம் கண்டதாகவும், பெண்கள் இன்றி ஆடவர் மட்டும் அதனை நிகழ்த்த இயலாது என்றும் பரதர் விடையளிக்கிறார். அதன் பின்னரே பிரமன் தன் மனத்தினின்று அரம்பையரைப் படைத்துப் பரதரிடம் ஒப்படைக்கிறான்.

இக்கதை இரண்டு செய்திகளைத் தருகிறது. பெண்ணின்றி நாடகம் நிறைவு பெறாது என்பது ஒன்று. மைந்தர் கற்றனர், அரம்பையரோ படைக்கப்பட்டனர் என்பது மற்றொன்று. ஆடவருக்குக் கல்வியால் வருவது பெண்ணுக்குப் பிறப்பால் வாய்த்ததாகக் கொள்ளப்படுகிறது. பாடுதல் பெண்ணுக்கு இயல்பு, ஓதுதல் ஆணுக்கு இயல்பு என்று அந்நூல் பிறிதோரிடத்தில் வகுப்பதும் இக்கருத்தின் வழிப்பட்டதே. இயல்பு என்று புகழும்போதே பயிற்சி என்னும் பெருமை பறிக்கப்படுகிறது.

அதே சாஸ்திரம் வேடம் ஏற்கும் முறைகளை மூன்றாகப் பகுக்கிறது. பாலும் பருவமும் ஒத்த பாத்திரத்தை ஏற்பது முதல் வகை. இளையோர் முதியோராகவும் முதியோர் இளையோராகவும் வருவது இரண்டாம் வகை. ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் வருவது மூன்றாம் வகை. ஆகவே, பெண்பாத்திரத்தைப் பெண்ணே ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் அவ்வரங்கில் இல்லை. பவபூதியின் மாலதீமாதவத்தில் முதிய பௌத்தத் துறவியான காமந்தகியின் வேடத்தைச் சூத்திரதாரனே ஏற்பதாகவும், அவள் மாணவியான அவலோகிதையின் வேடத்தை அவன் துணைவன் ஏற்பதாகவும் தொடக்கக் காட்சி அறிவிக்கிறது. பெண்வேடம் தரித்த ஆணைக் குறிக்கப் ‘புரூகும்சன்’ என்ற சொல் பதஞ்சலி காலத்திலேயே வழங்கியது. உடற்குறிகளைக் கொண்டு பெண்பாலை வரையறுத்தால் புரூகும்சனும் பெண்பால் விகுதி பெற நேருமே என்ற இலக்கணச் சிக்கலை மகாபாஷ்யம் பேசுகிறது.

பெண்ணின் இடத்தில் ஆண் நிற்பது தமிழ்ச் சூழலும் அறிந்ததே. சிலப்பதிகாரத்தின் நடுகற் காதையில் பறையூர்க் கூத்தச்சாக்கையன் செங்குட்டுவன் முன் கொட்டிச்சேதம் ஆடுகிறான். அம்மையும் அப்பனும் ஓருடலில் நிற்கும் அவ்வாடலில் இறைவன் பாகம் இயங்க, உமையின் அணிகலன்கள் அசையாது நிற்கின்றன. கேரளத்துக் கூடியாட்டத்தை ஆடிவரும் சாக்கியர் குலப்பெயரோடு இப்பெயரை ஆய்வாளர் ஒப்பிடுவர். ஆணே பெண்ணுருவையும் ஏற்க இயலும் என்ற நிலையில், கைசிகிக்குப் பெண் வேண்டும் என்ற பரதரின் கூற்று உருவம் பற்றியதாக மட்டும் இருக்க முடியாது. பெண்கள் கற்று வளர்த்த ஒரு கலைக்கூறு அவ்விருத்திக்குத் தேவைப்பட்டது எனக் கொள்வதே பொருந்தும்.

அப்பயிற்சிக்கு அர்த்தசாஸ்திரம் நேர்ச்சான்று தருகிறது. கணிகையர் கண்காணிப்பாளர் பற்றிய அதன் இரண்டாம் அதிகரணப் பகுதி, கணிகையருக்கும் அரங்கால் பிழைக்கும் மகளிருக்கும் கற்பிக்கும் ஆசிரியருக்கு அரசே ஊதியம் அளிக்க வேண்டும் என்கிறது. பாட்டு, வாத்தியம், வாசித்தல், ஆடல், நடிப்பு, எழுத்து, ஓவியம், வீணை, குழல், மத்தளம், பிறர் உள்ளக் குறிப்பறிதல் எனப் பாடத்திட்டம் நீள்கிறது. வெளியூரிலிருந்து வரும் குழு ஒரு காட்சிக்கு 5 பணம் செலுத்த வேண்டும் என்றும் அப்பகுதி விதிக்கிறது. சாஸ்திரம் இயல்பு என்று சொன்னதை அரசு கருவூலத்திலிருந்து பொருள் கொடுத்துக் கற்பித்திருக்கிறது.

3. சட்டமும் இலக்கணமும் கண்ட நடிகை

மனுஸ்மிருதி, பிறன் மனைவியோடு உரையாடுதல் பற்றிய தண்டனை விதிகள் நடர், சாரணர் போன்றோரின் மனைவியருக்குப் பொருந்தா என்கிறது. தம் பெண்டிரைப் பிறரோடு சேர்ப்பித்துப் பிழைப்பவர் அவர் என்பது அந்நூல் கூறும் காரணம். அமரகோசம் நடனுக்குரிய பெயர்களுள் ‘ஜாயாஜீவன்’ என்பதையும் அடுக்குகிறது. மனைவியால் பிழைப்பவன் என்பது அதன் பொருள். நடிகையின் உழைப்பில் குடும்பம் வாழ்ந்தது என்ற பொருளாதார உண்மை, அகராதிக்குள் நுழையும்போது வசைச்சொல்லாக உருமாறிவிடுகிறது.

இவற்றினும் நுட்பமானது பதஞ்சலியின் சான்று. பாணினியின் ஆறாம் அத்தியாயத் தொடக்கச் சூத்திரம் ஒன்றை விளக்குமிடத்தில் அவர் ஓர் உவமை கூறுகிறார். அரங்கேறிய நடரின் பெண்டிர், ‘நீவிர் யாருடையவர்?’ என்று எவர் கேட்பினும் அவரவருக்கு ‘உம்முடையவரே’ என்று விடை பகர்வர். அதுபோல மெய்யெழுத்தும் எந்த உயிர் வந்தாலும் அதனோடு சேரும் என்பது உவமையின் பொருள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெண்கள் மேடையேறினர் என்பதற்கு இது வலுவான சான்று. நடிகையரின் கற்பு பற்றிய சான்றாகவும் இது எடுத்தாளப்படுவதுண்டு.

இவ்வுவமையின் சொல்லமைப்பு வேறொரு வாசிப்புக்கும் இடம் தருகிறது. பதஞ்சலி ‘நடரின் பெண்டிர்’ என்று மட்டும் கூறி அமையவில்லை. ‘அரங்கேறிய’ என்ற அடையையும் சேர்க்கிறார். கேள்வி கேட்பவர் அவையோராகவும் இருக்கலாம், உடன் நடிக்கும் தலைவனாகவும் இருக்கலாம். இன்று ஒருவனுக்கு மனைவியாகவும் நாளை வேறொருவனுக்குக் காதலியாகவும் வருவது நடிப்புத் தொழிலின் அடிப்படை. அரங்கு என்ற அடையை நீக்கிவிட்டுப் படித்தால்தான் அது ஒழுக்கம் பற்றிய கூற்றாகும். அடையோடு சேர்த்துப் படித்தால், அது நடிகையின் ஏற்புத்திறன் பற்றிய மிகப் பழைய குறிப்பாகும். வியஞ்சனம் என்ற வடசொல்லுக்கு வெளிப்படுத்துவது என்றும் பொருள் உண்டு. தமிழ் இலக்கணம் அதனையே மெய், அதாவது உடல், என்றது. தன்னைச் சேரும் உயிருக்கெல்லாம் உடலாகி அதனை வெளிப்படுத்துவது நடிப்புக் கலைக்கும் பொருந்தும் விளக்கமே.

நடிகையின் திறனை வஞ்சகமாகக் காணும் பார்வையை மிருச்சகடிகம் ஒரு வேடிக்கைக் காட்சியில் வைத்துக் காட்டுகிறது. முதல் அங்கத்தில் இருளில் வசந்தசேனையைத் துரத்தி வரும் சகாரனும் விடனும் சாருதத்தன் வீட்டுப் பணிப்பெண் ரதனிகையைப் பிடித்துவிடுகின்றனர். குரல் வேறாக ஒலிக்கிறதே என்று முதலில் விடன் ஐயுறுகிறான். மேடையேறிப் பழகிக் கலைகள் பயின்றவள் ஆதலால் ஏமாற்றும் நோக்கில் குரலை மாற்றிக்கொண்டாள் என்று விடன் விளக்கம் தருகிறான். உண்மையில் அங்கு நடிப்பே இல்லை. குரல் வேறு, ஆளும் வேறு. நடிகை என்றால் பொய்யுரைப்பவள் என்ற முன்முடிவு, கண்முன் நிற்பவர் யார் என்பதைக்கூட அவர்களை அறியவிடவில்லை. சூத்திரகர் நகைப்புக்குள்ளாக்குவது வசந்தசேனையை அன்று, அம்முன்முடிவையே என்று கொள்ளலாம்.

4. தொடக்கக் காட்சியின் நடி

வடமொழி நாடகத்தின் தொடக்கக் காட்சியில் சூத்திரதாரனோடு அவன் மனைவியாகிய நடி வருவது பெருவழக்கு. அவள் பேசுவது பெரும்பாலும் சௌரசேனிப் பிராகிருதம். சாகுந்தலத்தில் அவள் வேனிற் பருவத்தைப் பாடுகிறாள். பாட்டில் ஆழ்ந்த சூத்திரதாரன் எந்த நாடகத்தை நிகழ்த்துவது என்று அவளிடமே கேட்கிறான். சாகுந்தலம் என்று முன்னரே முடிவாயிற்றே என அவள் நினைவூட்டுகிறாள். தன் மறதிக்கு அவள் பாட்டே காரணம் என்று அவன் ஒப்புக்கொள்கிறான்.

அரசனின் மறதியையும் மோதிரத்தால் மீளும் நினைவையும் கதையாகக் கொண்ட நாடகம் இவ்வாறு தொடங்குவது தற்செயலாகாது. மறக்கச் செய்பவளும் நினைவூட்டுபவளும் நடியே. அவள் பாடல் அவையோரை மயக்குகிறது. அம்மயக்கத்திலும் அவள் தன் பணியை மறக்கவில்லை. பாட்டில் கரைந்தவன் சூத்திரதாரன், பாடியவளோ கரையவில்லை. கலைஞருக்கு இன்றியமையாத இத்தன்னடக்கத்தைக் காளிதாசர் நடியிடத்தில் வைத்துள்ளார்.

பிற நாடகங்களின் நடியரும் தமக்கெனச் சிறு உலகம் உடையவர். இரத்தினாவளியின் நடி, தன் ஒரே மகளைத் தொலைநாட்டில் மணம் பேசியதை எண்ணிக் கவலையுறுகிறாள். மிருச்சகடிகத்து நடி அழகிய கணவன் வேண்டி நோன்பு நோற்கிறாள். பசியோடு வந்த சூத்திரதாரன் அது மறுபிறவிக்குரிய கணவன் என்று கேட்டுத் திகைக்கிறான். இக்காட்சிகள் நகைச்சுவைக்காக அமைந்தவையே. ஆயினும் சட்டநூல் காட்டாத ஒன்றை இவை காட்டுகின்றன. இங்குள்ள நடி ஒரு குடும்பத்தின் தலைவி. தொழிலில் கணவனோடு உடன் உழைப்பவள்.

மொழி வேறுபாட்டையும் இங்குக் கருத வேண்டும். மிருச்சகடிகத்தின் மூன்றாம் அங்கத்தில் விதூடகன் மைத்திரேயன், பெண் வடமொழி ஓதுவதும் ஆண் மெல்லிய குரலில் பாடுவதும் தனக்குச் சிரிப்பூட்டுகின்றன என்கிறான். சாத்திரம் இயல்பு என வகுத்ததை இவன் கேலியாக மொழிகிறான். அடுத்த அங்கத்திலேயே வசந்தசேனை அவனிடம் வடமொழியில் செய்யுள் கூறிச் சாருதத்தனின் நலம் கேட்கிறாள். மைத்திரேயன் சிரிக்கவில்லை. மறுப்புரை ஏதுமின்றி, ஒரு நடிகையின் நாவால் அக்கேலி முறியடிக்கப்படுகிறது.

5. நாடகத்துக்குள் மூன்று ஆட்டங்கள்

5.1 ஊர்வசி

விக்கிரமோர்வசீயத்தின் மூன்றாம் அங்கத் தொடக்கத்தில் பரதரின் மாணவர் இருவர் உரையாடுகின்றனர். இந்திரன் அவையில் இலக்குமியின் சுயம்வரம் பற்றிய நாடகம் நடந்தது. இலக்குமியாக ஊர்வசியும் வாருணியாக மேனகையும் நடித்தனர். உன் உள்ளம் யாரிடத்தில் என்று வாருணி வினவ, ‘புருஷோத்தமனிடத்தில்’ என்று கூற வேண்டிய ஊர்வசி ‘புரூரவனிடத்தில்’ என்று கூறிவிட்டாள். சினந்த பரதர் சபித்தார். இந்திரன் அச்சாபத்தையே புரூரவனோடு வாழும் வாய்ப்பாக மாற்றினான்.

நாட்டிய சாஸ்திரக் கதையோடு இதனை ஒப்பிட்டால் ஒரு முரண் புலனாகும். காதற்சுவைக்கு ஆடவர் போதார் என்று அரம்பையரைப் பெற்றவர் பரதர். அவ்வரம்பையருள் ஒருத்தியிடம் காதல் மெய்யானபோது சபிப்பவரும் அவரே. கைசிகி வேண்டும், ஆனால் அதனை நிகழ்த்துபவளுக்குச் சொந்த உள்ளம் வேண்டாம் என்பது இதன் உட்கிடை. காளிதாசர் நடிகைக்கு உள்ளத்தைத் தருகிறார். அதற்கு விலையாக அவளது கலை பிழைபடுகிறது. பதஞ்சலியின் நடிகை எவர் கேட்பினும் கேட்டவர்க்குரிய விடையைத் தந்தாள். ஊர்வசியால் ஒருவனுக்குரிய விடையை மட்டுமே தர முடிந்தது.

5.2 ஆரண்யிகை

ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷர் இயற்றிய பிரியதர்சிகையின் மூன்றாம் அங்கத்தில் அரண்மனைப் பெண்கள் நாடகம் நிகழ்த்துகின்றனர். உதயணனும் வாசவதத்தையும் காதலித்த கதையே பொருள். அதனை இயற்றியவர் சாங்கிருத்தியாயனி என்னும் மூத்த பெண்மணி. வாசவதத்தையாக ஆரண்யிகை என்ற பெயரில் வாழும் பிரியதர்சிகையும், உதயணனாக மனோரமையும் நடிக்க ஏற்பாடு. அரசி வாசவதத்தை அவையில் அமர்ந்து தன் இளமைக் கதையைக் காண்கிறாள். மனோரமைக்கு மாற்றாக உதயணனே தன் வேடத்தில் புகுந்து ஆரண்யிகையோடு நடிக்கிறான்.

ஆசிரியரும் அவையின் தலைமையும் இரு முதன்மை நடிகரும் பெண்களாக அமைந்த இவ்வரங்கு தனிக்கவனத்துக்குரியது. கதையின் சூழ்ச்சி ஒரு நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது. மேடையில் நிற்பது மெய்யான அரசன் என்று முதலில் திடுக்கிட்ட அரசி, அது வேடம் என்ற சொல்லால் அமைதியடைகிறாள். ஒரு பெண் அத்துணைத் திறமாக அரசனாக முடியும் என்பதை அவள் ஐயமின்றி ஏற்கிறாள். ஆண்வேடம் ஏற்கும் பெண்ணின் திறன் அவ்வவைக்கு வியப்பன்று என்பதே இதனால் பெறப்படும். அத்திறனுக்குரிய மனோரமையோ மேடையேறவே இல்லை. அவளுக்குச் சேர வேண்டிய பாராட்டு, தானாகவே நின்ற அரசனுக்குச் சேர்கிறது. அரைத்தூக்கத்தில் விதூடகன் உளறிச் சூழ்ச்சி வெளிப்பட்டபின் சிறைப்படுபவள் ஆரண்யிகை. ஊர்வசிக்குச் சாபம், இவளுக்குச் சிறை. நடிப்பில் சொந்த உணர்வு கலந்த அரசனுக்குத் தண்டனை இல்லை.

5.3 மாளவிகை

மாளவிகாக்கினிமித்திரத்தின் முதலிரு அங்கங்களில் கணதாசர், ஹரதத்தர் என்னும் நாட்டிய ஆசிரியர் இருவர் தம்முள் யார் சிறந்தவர் என்று போட்டியிடுகின்றனர். நடுவராக அமர்பவர் துறவியாகிய கௌசிகி. அவர் வடமொழியில் பேசும் பெண். நாட்டியம் செய்முறையை முதன்மையாகக் கொண்டது, ஆதலால் மாணவியரின் ஆட்டத்தைக் கண்டே முடிவு கூற இயலும் என்கிறார். உறுப்புகளின் அழகு புலப்பட வேண்டி ஒப்பனை குறைத்து வருமாறும் பணிக்கிறார். மாளவிகையை அரசன் காண வேண்டும் என்ற மறைமுகத் திட்டமும் இதில் உண்டு. சூழ்ச்சிக்கு உதவும் அதே கட்டளை, ஒரு தேர்வாளரின் முறையான கட்டளையாகவும் அமைந்திருப்பது இக்காட்சியின் நுட்பம்.

மாளவிகை ஆடுவது சர்மிஷ்டை இயற்றிய சலிதம். எளிதில் எய்த இயலாத காதலனை நோக்கிய ஏக்கமே அப்பாட்டின் பொருள். பிறர் கூற்றை நடிப்பதுபோலத் தன் கருத்தையே புலப்படுத்தும் ஆடல் என்று சலிதத்தை உரை மரபு விளக்கும். அரசன் அக்குறிப்பைத் தனக்குரியதாகவே கொள்கிறான். ஆடல் முடிந்து அவள் நிற்கும் நிலை ஆடலினும் அழகு என்கிறான். ஊர்வசியிடத்தில் பிழையாக வெளிப்பட்ட சொந்த உணர்வு, இங்கு ஆடலின் இலக்கணத்துக்குள்ளேயே இடம்பெற்றுவிடுகிறது. மாளவிகை காதலிக்கிறாள், ஆயினும் ஓர் அடியும் பிழைக்கவில்லை.

அரசன் நிலையைப் பாராட்ட, கௌசிகி ஆட்டத்தை மதிப்பிடுகிறார். சொற்களைத் தம்முள் கொண்டனபோல் உறுப்புகள் பொருளை உணர்த்தின, அடிகள் லயத்தோடு இயைந்தன, சுவையில் ஒன்றிய நிலை இருந்தது, கையால் பிறந்த அபிநயம் மென்மையாயிருந்தது என்பன அவர் கூறும் காரணங்கள். குறை ஏதுமில்லை என்பது தீர்ப்பு. இங்கு ஒரு பெண்ணின் ஆட்டம் மற்றொரு பெண்ணால் கலையின் அளவுகோல்களைக் கொண்டு அளக்கப்படுகிறது. முதல் அங்கத்திலேயே கணதாசர், தாம் கற்பிப்பதை மாளவிகை மேலும் சிறப்பித்து ஆடுவதால் அவளே தமக்குத் திரும்பக் கற்பிப்பதுபோல் உள்ளது என்கிறார். ‘இயல்பு’ என்ற சொல்லுக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

ஆயினும் இதற்கும் ஒரு வரம்பு உண்டு. மாளவிகை இளவரசி என்பது இறுதியில் வெளிப்படுகிறது. வெளிப்பட்டபின் அவள் ஆடுவதில்லை. அவள் கலை, மறைந்து வாழ்ந்த காலத்துக்கு மட்டும் உரியதாக நின்றுவிடுகிறது. தொழில்முறை நடிகை ஒருத்திக்குக் கௌசிகியின் தீர்ப்பைப் போன்ற ஒன்றை வழங்கும் காட்சி இம்மூன்று நாடகங்களில் இல்லை.

6. பனுவலுக்கு அப்பால்: நங்ஙியார்

எழுதப்பட்ட பனுவல் நடிகையின் கலையில் ஒரு பகுதியை மட்டுமே காட்டும் என்பதற்குக் கேரளத்துக் கூடியாட்டம் சான்று. 2001இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்ற இம்மரபில் ஆண்வேடங்களைச் சாக்கியாரும் பெண்வேடங்களை நங்ஙியாரும் ஏற்பர். நங்ஙியார் நடிக்காத வேளையிலும் மேடையில் அமர்ந்து குழித்தாளம் இசைத்துச் சுலோகம் பாடுவார். ஆச்சரியசூடாமணியின் சூர்ப்பணகை அங்கத்தில், அழகிய லலிதையாக நங்ஙியாரும், உறுப்பறுபட்ட அரக்கியாகச் சாக்கியாரும் வருவர். மென்மையானது பெண்ணுக்கு, வன்மையானது ஆணுக்கு என்ற சாத்திரப் பகுப்பு இங்கு ஒரே பாத்திரத்தை இரண்டாகப் பிளக்கிறது.

அப்பகுப்பைக் கடந்ததும் இதே மரபு. குலசேகரவர்மரின் சுபத்ராதனஞ்சயம் இரண்டாம் அங்கத்தில் சுபத்திரையின் சேடி ஒருத்தி வருகிறாள். பனுவலில் அவளுக்குரிய இடம் மிகச் சிறியது. அச்சேடி முன்கதையை நினைவுகூர்வதாக அமையும் நிர்வகணப் பகுதியே, கண்ணனின் வரலாற்றைப் பல நாட்கள் ஒருத்தியே ஆடும் நங்ஙியார் கூத்தாக விரிந்தது. சேடியாகத் தொடங்கும் நடிகை, பகர்ந்நாட்டம் என்னும் உத்தியால் கம்சனாகவும் யசோதையாகவும் பூதனையாகவும் கண்ணனாகவும் மாறி மாறி நிற்கிறார். வேடம் மாறுவதில்லை, திரை விழுவதில்லை. கண்ணும் கையும் நிலையும் மாறும் கணத்தில் பாத்திரம் மாறுகிறது. வன்மையும் மென்மையும் இங்கு ஓருடலிலேயே நிகழ்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கலை குலத்தின் எல்லையையும் கடந்தது. கேரள கலாமண்டலத்தில் 1965இல் கூடியாட்டப் பயிற்சி தொடங்கியபின், பைங்குளம் இராம சாக்கியாரிடம் கலாமண்டலம் கிரிஜா போன்ற பிற சமூகப் பெண்களும் பயின்றனர். மார்கி சதி இராமன் கதைக்கு நங்ஙியார் கூத்து ஆட்டமுறை வகுத்தார். உஷா நங்ஙியார் திரௌபதி, அகலிகை முதலிய பாத்திரங்களுக்குப் புதிய ஆட்டங்கள் அமைத்தார். கணதாசர் மாளவிகையிடம் கண்டது இங்குத் தொடர்கிறது. கற்றவர் ஆடுவதோடு அமையாது, மரபுக்கே கற்பிப்பவராகிறார்.

7. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுவன வருமாறு. நாட்டிய சாஸ்திரம் நடிகையின் இன்றியமையாமையை ஏற்றது. ஆனால் அவள் திறனை இயல்பு என்று கூறிப் பயிற்சியைப் பின்தள்ளியது. அர்த்தசாஸ்திரத்தின் பாடத்திட்டம் அக்கூற்றைத் திருத்துகிறது. மனுஸ்மிருதியும் அமரகோசமும் அவள் பலராகத் தோன்றுவதை இழுக்காகக் கொண்டன. நாடகாசிரியர்கள் அவளுக்கு உள்ளத்தைத் தந்தனர். எனினும் ஊர்வசியிடத்திலும் ஆரண்யிகையிடத்திலும் அவ்வுள்ளம் கலைக்கு இடையூறாகவும் தண்டனைக்குக் காரணமாகவும் அமைந்தது. உள்ளமும் கலையும் ஒருங்கே நின்ற இடம் மாளவிகையின் ஆட்டம். அதனை அறிந்துரைக்கக் கௌசிகி என்னும் பயிற்சியுடைய கண் வேண்டியிருந்தது.

இதனால் ஆய்வுமுறை பற்றிய ஒரு தெளிவும் கிடைக்கிறது. நடிகையின் வரலாற்றைச் சட்டநூல்களை மட்டும் கொண்டு எழுதினால், இருளில் ரதனிகையைப் பிடித்து வசந்தசேனை என்று வாதிட்ட விடனின் நிலையே ஆய்வாளருக்கும் நேரும். சட்டநூல் கூறுவது நடிகையைப் பிறர் எவ்வாறு நோக்கினர் என்பதை. அவள் என்ன செய்தாள் என்பதை அறிய ஆட்டத்தைக் காண வேண்டும் என்பது கௌசிகி வகுத்த விதி. சாத்திரமும் பனுவலும் மேடை மரபும் ஒருங்கு வைத்துப் படிக்கப்படும்போதே அவ்விதி நிறைவேறும்.

எந்த உயிரோடும் சேரும் மெய் என்று பதஞ்சலி நடிகையை உவமித்தார். மெய்யின்றி உயிர் தனித்து ஒலிக்கலாம். ஆயினும் மொழியின் பெரும்பகுதி உயிர்மெய்யால் ஆனது. கம்சனும் கண்ணனும் பூதனையும் ஓருடலில் அடுத்தடுத்து உயிர்பெறும் நங்ஙியாரின் ஆட்டத்தில் அவ்வுவமை இழுக்கு நீங்கிக் கலையின் இலக்கணமாகிறது.